சர்ஃப் ராக் கூட்டங்களுக்கு வேர் எது: பால்போவாவா, ரெடோண்டோ பீச்சா?

கடலோடி:
இத்தாலியில் லிவோர்னோ நகரத்தில் 2003 முதல் நடக்கும் சர்ஃபர் ஜோ விழாவைப் பற்றி நேற்று பேச்சு வந்தது. சர்ஃப் ராக் என்பது 1960-களின் தொடக்கத்தில் அலைச்சறுக்கு ஆடும் சர்ஃபர்கள் நடுவே வளர்ந்த கிதார் இசை. அதை வாசிக்கிற ஒருவரே ஆரம்பித்த விழா அது. இப்படி ரசிகர்களே கூடி நடத்தும் விழாக்களுக்கெல்லாம் வேர் கலிஃபோர்னியாவின் ரெடோண்டோ பீச்சுப் பையன்கள்தான் என்று ஈரக்கம்பி எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை.

வேர் அதே கலிஃபோர்னியாக் கடற்கரையில் இருக்கும் பால்போவாதான். 1961 கோடையில் கிதார்க்காரர் டிக் டேல் அங்கே ரான்டவூ பால்ரூமில் வாசிக்க ஆரம்பித்தார். அதற்கு முன் பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்கள் வாசித்த மண்டபம் அது. ராக் இசைக்கு அனுமதி கொடுக்க ஊர்க்காரர்கள் தயங்கினார்கள். பையன்கள் டை கட்டி வந்தால்தான் உள்ளே விடலாம் என்று நிபந்தனை. வாசலிலேயே டை வைத்துக் கொடுத்தார்களாம், வெறுங்காலோடு வந்த சர்ஃபர்கள் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்களாம். முதல் ராத்திரி வந்தது 17 பேர் என்பது டேலே சொன்ன கணக்கு. அப்புறம் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். காலை ஓங்கி மிதித்து ஆடும் 'ஸ்டாம்ப்' ஆட்டத்தில் தரையே அதிர்ந்தது. கடல், கூட்டம், ஆட்டம், கிதார் நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தது அங்கேதான்.

ஈரக்கம்பி:
டை கதை நல்ல கதைதான் அண்ணே. ஆனால் நாம் பேசுவது ரசிகர்களே நடத்தும் கூட்டம் பற்றி. டேலுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று பாருங்கள். டெல்டோன் ரெக்கார்ட் கம்பெனியை நடத்தியது அவருடைய அப்பா. ஆம்ப், அதாவது கிதார் ஒலிபெருக்கி, செய்து கொடுத்தது கிதார் கம்பெனிக்காரர் லியோ ஃபெண்டர். டேல் ஒன்றை எரித்தால் அடுத்தது வரும். கடைசியில் 15 அங்குல ஸ்பீக்கரோடு 'ஷோமேன்' ஆம்ப் வந்ததே இந்த உறவால்தான். இதைப் போய் அடிமட்ட முயற்சி என்றால் எப்படி?

பெல்-ஏர்ஸ் குழுவைப் பாருங்கள். பால் ஜான்சன், எடி பெர்ட்ரண்ட் எல்லாரும் பள்ளிக்கூடப் பையன்கள். அதே 1961-இல் ரெடோண்டோ பீச்சில் அவர்களே மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, அக்கம்பக்கத்துப் பசங்களைக் கூப்பிட்டு வாசித்தார்கள். அவர்களுடைய 'மிஸ்டர் மோட்டோ' மெட்டு பதிவானதும் அந்த வருடம்தான். இதைக் கேட்டால் அலை மேலே நிற்பது போல இருக்கிறது, இதற்குச் சர்ஃப் இசை என்றே பேர் வைக்கலாம் என்று ஒரு சர்ஃபர் வந்து சொன்னதாக ஜான்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். பேர் வந்தது கூட்டத்துக்குள்ளிருந்து, விளம்பரத்திலிருந்து அல்ல.

கடலோடி:
அப்பா கூட நின்றால் அது கம்பெனி வேலையா? ஊருக்கு ஊர் கலைக் குடும்பங்கள் வேறெப்படி நடக்கின்றன? 1962-இல் வந்த டேலின் 'சர்ஃபர்ஸ் சாய்ஸ்' ஆல்பத்தைக் கேப்பிடல் கம்பெனி எடுத்துக்கொண்டது பிற்பாடுதான். அதுவரை எல்லாம் அந்தக் கடற்கரை வட்டாரத்துக்குள்ளேயே ஓடியது.

அப்புறம், சத்தம். அத்தனை பெரிய கூட்டம் குதிக்கிற மண்டபத்தில் கிதார் கேட்க வேண்டும். அந்தத் தேவைதான் அந்த ஆம்பைப் பிறக்க வைத்தது. ஃபெண்டர் தானாக வந்து திணிக்கவில்லை.

தகரடப்பா:
நடுவில் ஒரு வார்த்தை. இருவருமே ஈரமான ரிவெர்ப் (எதிரொலி) சத்தத்தை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். டேலின் 'லெட்ஸ் கோ டிரிப்பின்', பெல்-ஏர்ஸின் 'மிஸ்டர் மோட்டோ' இரண்டையும் மறுபடி கேளுங்கள். அந்தச் சொட்டச் சொட்ட நனைந்த ஒலி இரண்டிலும் கிடையாது. ஸ்பிரிங் வைத்த ஃபெண்டர் ரிவெர்ப் பெட்டி பிறகுதான் பரவியது. டேல் அதைக் கேட்டதே முதலில் தன் குரலுக்காக. ஹாமண்ட் ஆர்கனில் இருந்த ஸ்பிரிங் ஏற்பாடுதான் மூலம்.

ஈரக்கம்பி:
இது என் பக்கத்துக்குத்தான் சாதகம். அந்தப் பெட்டியால்தான் பெல்-ஏர்ஸ் உடைந்தது. பெர்ட்ரண்டுக்கு ரிவெர்ப் வேண்டும், ஜான்சனுக்கு அது பிடிக்கவில்லை. பெர்ட்ரண்ட் விலகிப்போய் ஆரம்பித்த குழுவுக்கு என்ன பேர்? எடி அண்ட் த ஷோமென். ஆம்பின் பேரையே குழுவுக்கு வைக்கிற அளவுக்குக் கருவி வந்து உட்கார்ந்துவிட்டது. பசங்கள் தாங்களாகக் கூடி வாசித்த காலம் அதற்கு முந்தியது. அதைத்தான் நான் வேர் என்கிறேன்.

கடலோடி:
அந்த ஆம்ப் யாருக்காகச் செய்தது என்று மேலே நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்! பெர்ட்ரண்ட் கேட்ட சத்தம் பால்போவாவிலிருந்து வந்தது. ரெடோண்டோவில் பாதிப் பேர் அதன் பின்னால் போனார்கள் என்றால் எது எதற்கு வேர்?

தகரடப்பா:
ரான்டவூ 1966-இல் எரிந்து போனது. அதற்குள் பீட்டில்ஸ் அலை அமெரிக்காவுக்கு வந்து, இந்த இசையே ஓரத்துக்குப் போய்விட்டது. 1994-இல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் டேலின் 'மிசிர்லூ' வந்த பிறகுதான் புதிய தலைமுறை திரும்பிப் பார்த்தது. அந்த மெட்டு கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய பாட்டு. டேலுக்கு அது லெபனான் வழி அப்பா வீட்டுச் சொத்து. ஆகவே இன்றைய விழாக்காரர்களில் பலர் உள்ளே வந்த வாசல் டேல்தான். அந்த அளவில் கடலோடி சொல்வது சரி.

ஈரக்கம்பி:
வாசல் சரி, வீடு யாருடையது? லிவோர்னோ விழாவின் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சர்ஃபர் ஜோ' என்பது சர்ஃபாரிஸ் குழுவின் பாட்டு. பதின்ம வயதுப் பையன்கள் குகமோங்கா என்ற சின்ன ஊரின் ஸ்டுடியோவில் பதிவு செய்தது. அந்த இசைத்தட்டின் மறுபக்கத்துக்கு ஒரு பாட்டு வேண்டுமே என்று அவசரமாகச் சேர்த்ததுதான் 'வைப் அவுட்'. 1963-இல் உலகமே தட்டிய டிரம்ஸ் அது. இதில் டேலும் இல்லை, ஃபெண்டர் வீட்டு உறவும் இல்லை.

கடலோடி:
பாட்டு யாருடையது என்பது வேறு, கூட்டம் எங்கே கூடியது என்பது வேறு. ஸ்டுடியோவில் நாலு பையன்கள் பதிவு செய்தது எப்படி விழாவுக்கு வேராகும்? ரெடோண்டோவைப் பற்றிப் பேசுங்கள், கேட்கிறேன். குகமோங்காவில் கடலே கிடையாது.