மறு: மரபணு வரைபடமா, வெளிப்பாட்டு வரைபடமா?

அன்பர்களே,

> ‘மரபணு வரைபடம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கம், யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, வேறொன்றாகப் புரியும். குரோமோசோமில் எந்த மரபணு எந்த இடத்தில் என்று காட்டும் படத்துக்கு அந்தப் பெயர் முன்பே போய்விட்டது. நாம் தமிழ்ப் பெயர் தேடுவது வேறு படத்துக்கு: எந்த மரபணு எந்தச் செல்லில் வேலை செய்கிறது, அதாவது ‘வெளிப்படுகிறது’, என்று காட்டும் gene expression mapக்கு.

சியாட்டிலில் உள்ள ஆலன் மூளை அறிவியல் நிறுவனம் 2006இல் முடித்த சுண்டெலி மூளை அட்லஸையே பாருங்கள். மூளையை 25 மைக்ரான் கனத்தில் சீவி, ஒரு மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டக்கூடிய துணுக்கை அதன்மேல் விட்டுச் சாயமேற்றினார்கள். அந்த மரபணு வேலை செய்யும் செல் கருநீலமாகத் தெரியும். பக்கத்துச் செல் வெளிறிக் கிடக்கும். மரபணு இரண்டிலுமே இருக்கிறது! இப்படி ஏறத்தாழ 20,000 மரபணுக்களுக்குச் செய்தார்கள்.

மருந்து ஆய்வாளருக்கு வேண்டியதும் இந்தக் கருநீலம்தான். டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளைச் செல்லில் பற்றிக்கொள்ளும் டி2 ஏற்பியைத் தடுக்கும் மனநோய் மருந்துகள் சிலருக்குக் கைநடுக்கத்தையும் விறைப்பையும் தருகின்றன. உடலசைவை ஆளும் ஆழ்மூளைப் பகுதியிலும் அதே ஏற்பி மண்டிக் கிடப்பதே காரணம். ஏற்பியின் மரபணு எங்கெல்லாம் வெளிப்படுகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிட்டால், பக்கவிளைவு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

> ‘வெளிப்பாடு’ முகபாவத்துக்கும் கவிதைக்கும் போகிற சொல். ‘விழிப்பு’, ‘இயக்கம்’, ‘துலங்கல்’ என ஏதாவது?

‘விழிப்பு’ எனக்கும் பிடித்தது. உறங்கும் மரபணு, விழித்த மரபணு என்று அழகாக வருகிறது. ஆனால் நாளடைவில் அது ‘விழிப்படம்’ என்று தேய்ந்தால் கண் மருத்துவர் எடுத்துப்போய்விடுவார். ‘இயங்குபடம்’ அனிமேஷன்காரர்களின் சொத்து. துலங்கலோ தூண்டலைக் கட்டிக்கொண்டு உளவியலில் குடியேறி எத்தனையோ காலமாகிறது.

‘வெளிப்பாடு’ பொதுச்சொல்தான். ஆனால் வினையாக வளைகிறது, ‘மிகைவெளிப்பாடு’, ‘வெளிப்பாட்டளவு’ என்று கிளைக்கவும் செய்கிறது. உயிரியல் எழுத்தில் ‘மரபணு வெளிப்பாடு’ ஏற்கெனவே புழங்குகிறது. அதைப் பிடுங்கி வேறு நட வேண்டாம். முதன்முறை ‘மரபணு வெளிப்பாட்டு வரைபடம்’, பிறகு ‘வெளிப்பாட்டுப் படம்’ என்பது என் தேர்வு. அட்லஸ் அப்படியே இருக்கட்டும். ‘படத்தொகுப்பு’ என்று போட்டால் சினிமா எடிட்டர் வந்து நிற்பார்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் அகப்படவில்லை. சாயம் ஏறாத அந்த வெளிறிய செல்லை என்னவென்று சொல்வது? ‘வெளிப்படாச் செல்’ என்றால் செல்லே எங்கோ ஒளிந்துகொண்டதுபோல் ஒலிக்கிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்