முதுகில் கட்டியோடு பிறந்த குழந்தை: அடுத்து எங்கே போவது?

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கைக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. இடுப்புக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி, மேல்தோல் பாலாடை மாதிரி மெலிந்திருந்தது. ஸ்பைனா பிஃபிடா என்றார்கள், அதாவது கருவிலேயே முதுகெலும்பு சரியாக மூடாமல் போகும் பிறவிக் குறை. ஆபரேஷன் முடிந்துவிட்டது, பாலும் நன்றாகக் குடிக்கிறாள், ஆனால் இடது பாதத்தை அசைப்பதே இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தர 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தில் இந்தக் குறைபாடும் உண்டு, மாவட்டத்து டிஇஐசி மையத்தில் (இப்படிக் குறை உள்ள குழந்தைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் இடம்) இலவசமாகப் பார்ப்பார்கள் என்று படித்தேன். தனியாரில் பிறந்த குழந்தையை அந்தக் கணக்கில் யார் சேர்ப்பது? கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் போதுமா, நாமே நேராகப் போய் நிற்கலாமா? விழுப்புரம் பக்கம் போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம் ஃபோலிக் ஆசிட், இந்தக் குறை வராமல் தடுக்க உதவும் வைட்டமின் மாத்திரை. கரு உருவான 28 நாளுக்குள் பின்னால் மூளையும் தண்டுவடமுமாக மாறும் குழாய் மூடிவிடுமாம், நாள் தள்ளிப்போய் டெஸ்ட் எடுத்து மாத்திரை போடுவதற்குள் அந்தக் கட்டமே முடிந்துவிடுகிறது, இதைக் கல்யாணமானதுமே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? (மாமியார் இன்னும் கிரகணத்தையே திட்டிக்கொண்டிருக்கிறார், அது தனிக் கதை.) பொதுவாக 400 மைக்ரோகிராம், ஒருமுறை இப்படி ஆனவர்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்ததில் மறுபடி வருவது சுமார் 72 சதவீதம் குறைந்தது என்று 1991-ல் வந்த பிரிட்டன் ஆய்வு சொல்கிறது. இங்கே 5 மில்லிகிராம் மாத்திரைதான் கிடைக்கிறது. இதே நிலையில் இரண்டாவது குழந்தை பெற்ற அக்காமார் இருந்தால், எத்தனை மாதம் முன்னாடி தொடங்கச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள், டாக்டரிடம் கேட்கும்போது உதவும்.