மரச்சட்ட வீடுகள்: மனசை விட்டுப் போகாத ஒரு நொடி

சாளரம்:
இங்கிலாந்தின் செஷயரில் லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற பழைய மரச்சட்ட மாளிகைக்குப் போய்வந்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் அதே நினைப்பு. அகழியும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் எல்லோரும் படத்தில் பார்த்தவைதான். என் கால் நின்றது முற்றத்தில். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய சாளரங்கள், மேல்மாடியில் ஒன்றையொன்று இடிக்கிற நெருக்கம். அவற்றின் மரத்தில் எழுத்து செதுக்கியிருக்கிறது. வீட்டுக்காரர் வில்லியம் மோர்ட்டன் பெயர், 1559 என்ற ஆண்டு. கூடவே இன்னொரு வரி: இந்தச் சாளரங்களைக் கடவுள் அருளால் செய்தவர் தச்சர் ரிச்சர்ட் டேல். முதலாளி பெயரோடு ஆசாரி பெயரும்! கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். அப்புறம் மேலே நீளக் கூடத்தில் நடந்தால், தரை படகு மாதிரி ஏறி இறங்குகிறது. பச்சை ஓக் மரத்தில் கட்டியதால் காய்ந்து முறுக்கிக்கொண்டது போல.

கைமரம்:
அக்கா, மரத்தின் மேல் பழி போடாதீர்கள். பச்சை ஓக்கில் கட்டுவதுதான் அங்கே வழக்கம். ஈரம் இருக்கும்போது செதுக்கவும் துளை போடவும் எளிது. காயும்போது கொஞ்சம் கோணும், ஆனால் மூட்டு மர ஆணியை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மோர்ட்டனில் கோளாறு வேறு. அந்த நீளக் கூடம் முதல் திட்டத்தில் இருந்ததாகத் தெரியவில்லை, பிறகு யோசித்து மேலே ஏற்றியது. அதற்கும் மேல் கல் பலகைக் கூரை. அவ்வளவு பாரமும் கீழ்த்தளங்களை அமுக்கிவிட்டது.

என் நொடி சசெக்ஸ், சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில். பேலீஃப் என்ற பண்ணை வீடு, கென்ட் பகுதியில் 15ஆம் நூற்றாண்டில் கட்டியது. நீர்த்தேக்கத்துக்கு இடம் எடுத்தபோது மரம் மரமாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜன்னலில் கண்ணாடி இல்லை, புகைபோக்கியும் இல்லை. கூடத்தின் நடுவில் தரையிலேயே அடுப்பு. நான் போன அன்று நெருப்பு மூட்டியிருந்தார்கள். நின்றால் கண் எரிகிறது. பெஞ்சில் உட்கார்ந்தேன், புகை அப்படியே தலைக்கு மேல் மிதக்கிறது, கீழே காற்று சுத்தம். அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்று உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

மண்சுவர்:
சஃபோக்கில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வெளிச்சுவரில் யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். ஒருநாள் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் இருந்த மரக்கட்டையைத் தொட்டேன். ஈரக் காபித்தூள் மாதிரி கையோடு வந்தது. அவ்வளவுதான் என் கதை.

யாராவது இப்படி வீடு வாங்கப் போனால் தயவுசெய்து கேளுங்கள். குச்சிப் பின்னலில் களிமண்ணும் வைக்கோலும் அப்பி, சுண்ணாம்பு பூசிய சுவர் அது. மழை நனைக்கும், காற்று உலர்த்தும். சிமென்ட் பூசினால் விரிசல் வழியே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தில் தங்கிவிடும். சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காதீர்கள். தூண் அடியில் மண் மேடேறி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வெட்டி இறக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வீடு பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பட்டியலில் உள்ள வீட்டின் தன்மை மாறும்படி அனுமதியில்லாமல் கை வைத்தால் அங்கே குற்ற வழக்கே வரும். இன்னொன்று, கட்டைக்குக் கறுப்பு அடிக்க ஆசைப்படாதீர்கள். பல வீடுகளில் அது விக்டோரியா காலத்தில் வந்த மோகம். சஃபோக்கின் லாவனம் ஊரில் மரம் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் எவ்வளவு அழகாக நிற்கிறது!

சாளரம்:
கைமரம் தம்பி, பாரம் பற்றிச் சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். உத்தரமும் தூணும் சேரும் இடத்தில் தச்சர்கள் கீறிய எண்களை யாராவது தொட்டிருக்கிறீர்களா? பட்டறையில் சேர்த்துப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, இடத்தில் மறுபடி கோப்பார்களே, அது. ஒரு கிராமத்து விடுதியில் என் கட்டிலுக்கு மேலேயே இருந்தது. நான்கு என்ற எண்ணுக்கு நான்கு கோடு. கடைசிக் கோட்டில் உளி கொஞ்சம் வழுக்கியிருக்கிறது.