பழைய தொட்டியில் சரளையை எடுத்துவிட்டு அக்வா சாயில் (செடிகளுக்கான சத்துள்ள மண் மணிகள்): அன்றே மீன் விடலாமா?

கேள்வி
60×30×36 செ.மீ. தொட்டி, 3 வருடமாக ஓடுகிறது. அடியில் வெறும் சரளை. கட்டையில் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகள் செழிப்பாக இருக்கின்றன. க்ரிப்டோகோரைனும் வாலிஸ்னேரியாவும் வெளுத்துப்போய் நிற்கின்றன. 12 நியான் டெட்ரா, 6 கோரிடோராஸ், கொஞ்சம் செர்ரி இறால். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே குழாய்களால் இணைந்திருக்கும் மூடிய ஃபில்டர்). அக்வா சாயில் எவ்வளவு வேண்டும்? ஒரே நாளில் முடித்து மீன்களைத் திரும்ப விடலாமா?

பதில் 1
சத்தில்லாத மணல் என்றால் அன்றே விடலாம். சாயில் என்றால் வேண்டாம். புது சாயில் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவைக் கசியவிடும். உங்கள் ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா இப்போதுள்ள கழிவுக்கு மட்டுமே போதும். திடீரென்று கூடினால் திணறும். முதலில் அடி வாங்குவது இறால்தான்.

அளவு: முன்னால் 3, பின்னால் 7 செ.மீ. சரிவு வைத்தால் சராசரி 5. 60×30×5 = 9,000 கன செ.மீ., அதாவது 9 லிட்டர்.

மாற்றும் நாளில் ஹீட்டரை அணைத்து ஆறவிட்டுத்தான் நீரை இறக்க வேண்டும். அடியைத் தொடுவதற்கு முன்பே தெளிந்த நீரை வாளிகளில் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டை, கல், செடிகளை எடுத்தபின் நீரை ஒரு சாண் உயரத்துக்குக் குறைத்தால் மீன் சுலபமாகச் சிக்கும். கடைசி மீனும் இறாலும் வெளியே வந்த பிறகே சரளையில் கை வையுங்கள். 3 வருட அழுக்கும், காற்றுப் புகாத இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவும் அதில் இருக்கலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் அதுதான். அந்தக் கலங்கல் நீரில் ஒரு சொட்டுகூட மிஞ்சக் கூடாது.

பதில் 2
ஃபில்டரை மறக்காதீர்கள். நிறுத்தி மூடிவைத்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். மீன் இருக்கும் வாளியிலேயே குழாய்களைப் போட்டு ஓடவிடுங்கள். அந்த வாரம் ஃபில்டரைக் கழுவவே கூடாது, ஏனென்றால் சரளையோடு போன பாக்டீரியாவின் வேலையும் இனி அதன் தலையில்தான்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் கிழங்கைப் புதைத்தால் அழுகும்; கட்டையிலேயே இருக்கட்டும். க்ரிப்டோகோரைன் இடம் மாறினால் இலையெல்லாம் கரையலாம். பிடுங்கி எறிய வேண்டாம், வேரிலிருந்து துளிர்க்கும்.

கேள்வி கேட்டவர்
மீன்களை வாரக்கணக்கில் வைக்க வேறு தொட்டி இல்லையே?

பதில் 3
அப்படியானால் சாயிலை வெளியே பழக்குங்கள். அகலமான டப்பில் கொட்டி, குளோரின் நீக்கிய நீர் ஊற்றி, ஏர் ஸ்டோன் போட்டு, ஓரிரு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். நீர் மாற்றாமல் விட்டு, தொடர்ந்து சில நாள் சோதித்தும் அம்மோனியா 0 என்றால் தயார். பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் ஆகும். கழுவவோ கிளறவோ கூடாது, ஊறிய மணிகள் நசுங்கிச் சேறாகிவிடும். தொட்டிக்கு மாற்றும்போதும் அகலமான கிண்ணத்தால் மெதுவாக அள்ளுங்கள். மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன்மேல் நீர் ஊற்றுங்கள்.

சாயில் கேஎச்சையும் (நீரின் கார்பனேட் கடினத்தன்மை) பிஎச்சையும் இறக்கும். உங்கள் நீர் கடினமானது என்றால் அந்தத் தன்மை சீக்கிரமே தீர்ந்துவிடும். அது தீரும்வரை வாரத்துக்கு 20–25 சதவீதத்துக்கு மேல் நீரை மாற்றினால் பிஎச் ஏறி இறங்கும். ஆனால் முதல் 2 வாரம் தினமும் அம்மோனியா, நைட்ரைட் சோதனை செய்து, எது தென்பட்டாலும் அன்றே பாதி நீரை மாற்றிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், வெளுத்திருக்கும் இரண்டு செடிகளுக்காக இவ்வளவு பாடு தேவையில்லை. சரளைக்குள் 10–15 செ.மீ. இடைவெளியில் வேர் மாத்திரை (வேருக்குச் சத்து தரும் உர மாத்திரை) வைத்து 2 மாதம் பாருங்கள். புது இலை பச்சையாக வந்தால் டப்பே வேண்டாம்.