பன்னீர் திராட்சை: கவாத்தும் ஜூஸும் (கீழ்மலைத் தோட்டக் குழு)

டிசம்பர் 14, ஞாயிறு

காலை 6:52 – கீழத்தெரு மதினி:
(படம்) பன்னீர் திராட்சை இலை. மேல மஞ்சளா, எண்ணெய் பட்ட மாதிரி திட்டு. திருப்பிப் பார்த்தா வெள்ளையா பூத்திருக்கு. நனையிற கந்தகம் ரெண்டு வாட்டி அடிச்சும் கேக்கல. பேசாம இப்பவே கவாத்து பண்ணி, குச்சியெல்லாம் வெட்டிரலாமா?

காலை 6:59 – நர்சரி தம்பி:
அக்கா, இது சாம்பல் நோய் இல்ல, அடிச்சாம்பல். பேருதான் கிட்டத்தட்ட ஒண்ணு, மருந்து வேற. சாம்பல் நோய்னா இலைக்கு மேலயே திருநீறு பூசின கணக்கா இருக்கும், விரல் வச்சுத் தேச்சா ஒட்டிக்கிட்டு வரும். அதுக்குத்தான் கந்தகம். உங்க இலையில பூசணம் அடிப்பக்கம் மட்டும்தான் இருக்கு, மேல மஞ்சள் திட்டு. மூடுபனியும் தூறலும் விடாம இருந்தா இதுதான் வரும். இதுக்குக் கந்தகம் ஆகாது, தாமிரம் வேணும். போர்டோ கலவை 1 சதவீதம் அடிங்க.

காலை 7:01 – கீழத்தெரு மதினி:
கடையில பாக்கெட்டா வாங்கவா, நாமளே கலக்கவா?

காலை 7:08 – நர்சரி தம்பி:
நாமளே கலக்குறதுதான் நல்லா ஒட்டும், மழைக்கும் தாங்கும். 10 லிட்டருக்குக் கணக்கு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு (கல்லா இருக்கணும், நீர்த்துப்போன பொடி வேண்டாம்) 100 கிராம். துத்தத்தைத் துணியில முடிஞ்சு 5 லிட்டர் தண்ணியில ராத்திரியே தொங்க விடுங்க. சுண்ணாம்பைக் காலையில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி தெளிச்சு நீர்க்க விட்டு, ஆறினதும் இன்னொரு 5 லிட்டர்ல கரைச்சு வடிகட்டுங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல மூணாவது பிளாஸ்டிக் வாளியில ஊத்தி, குச்சியால கலக்கிக்கிட்டே இருக்கணும். இரும்பு, தகரப் பாத்திரம் கூடவே கூடாது.

கலந்ததும் துரு இல்லாத பழைய இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் பாருங்க. செம்பு நிறம் படிஞ்சா துத்தம் கூடிப்போச்சு, இலை கருகும். அப்படின்னா சுண்ணாம்புத் தண்ணி இன்னும் கொஞ்சம் விட்டு மறுபடி முக்கிப் பார்க்கணும். கலந்த அன்னைக்கே அடிச்சிரணும். மறுநாள் வச்சா அடியில கட்டியா இறங்கிரும், ஸ்பிரேயர் மூக்கும் அடைக்கும். கையுறை, கண்ணாடி போட்டுக்கங்க, சுண்ணாம்பு கொதிச்சுத் தெறிக்கும்.

காலை 7:10 – நர்சரி தம்பி:
முக்கியமா இலைக்கு அடிப்பக்கம் நனையணும். மேலயே அடிச்சுட்டு வந்தா அடிக்காததுக்குச் சமம்.

காலை 7:31 – பந்தல் மாமா:
கவாத்து இப்ப வேண்டாம்மா. தம்பி மருந்து சொல்லிட்டான், நான் நாள் சொல்றேன். வெட்டின பத்துப் பதினஞ்சு நாள்ல துளிர் வந்துரும், பூங்கொத்தும் அந்தத் துளிர்லயே சேர்ந்து வரும். மழை ஓயாம வெட்டினா அந்த இளசு அப்படியே அடிச்சாம்பலுக்குப் போகும், பூக்கொத்து காஞ்சு உதிரும். வடகிழக்கு மழை நின்னு, காலையில பனி இருந்தாலும் பத்து மணிக்கெல்லாம் இலை காய்ஞ்சிருதான்னு பாரு. நம்ம பக்கம் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம் வந்துரும். வெட்டுறதுக்கு 15 நாளைக்கு முன்னாடி தண்ணியை நிறுத்து.

காலை 7:33 – பந்தல் மாமா:
அதுவரைக்கும் நோய் இலையைப் பறிச்சு, கீழ உதிர்ந்ததையும் கூட்டி எரிச்சிரு. எருக்குழியில போட்டா நோயும் அங்கேயே தங்கி அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

காலை 7:36 – மாடிவீட்டு அண்ணன்:
மாமா, கம்பம் பக்கம் ரெண்டு வருஷத்துல அஞ்சு அறுப்பு எடுக்குறாங்களே. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டியில வருஷம் முழுக்கப் பழம் இருக்கு. நாம ஏன் மே மாசம் இன்னொரு கவாத்து பண்ணக் கூடாது?

காலை 7:47 – பந்தல் மாமா:
அங்க பள்ளத்தாக்கு. சூடு, வெயில், மண்ணு, எல்லாம் கொடிக்குத் தோதா இருக்கு. மே, ஜூன்ல வெட்டி ஆகஸ்ட், செப்டம்பர்ல எடுக்கிறது சமவெளிக்குச் சொன்ன கணக்கு. நம்ம தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலை உயரத்துல அந்த நேரம் மேகம் கீழ இறங்கி நிக்கும். வெயில் இல்லாம சர்க்கரை ஏறாது, வாசனையும் வராது. புளிப்புப் பழம் ரெண்டு தடவை எடுக்கிறதுக்கு, நல்ல பழம் ஒரு தடவை போதும். கீழே நாலு மாசத்துல பழுக்கிறது நம்ம குளிருக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும், அதையும் கணக்குல வச்சுக்க.

மே மாசம் வெட்டலாம், ஆனா காய்க்காக இல்ல, கொடியைப் புதுப்பிக்க. பழம் எடுத்த குச்சியை 1 கண்ணு (துளிர் வர்ற மொட்டு) மட்டும் விட்டு வெட்டிட்டா, அதுல வர்ற புதுக்குச்சிதான் ஜனவரி கவாத்துக்குக் காய்ப்புக் குச்சி ஆகும்.

காலை 7:52 – கீழத்தெரு மதினி:
ஜனவரியில எத்தனை கண்ணு விடணும்?

காலை 8:05 – பந்தல் மாமா:
பன்னீருக்கு 4 கண்ணு. எல்லாக் குச்சிக்கும் இல்ல. பென்சில் தடிமன், பட்டை பழுப்பு ஏறி, உள்ள வெட்டிப் பார்த்தா பச்சை இருக்கணும், அந்தக் குச்சிக்கு மட்டும் 4. மெலிஞ்சது, பச்சையாவே கிடக்கிறது எல்லாம் 1 இல்ல 2 கண்ணு விட்டு வெட்டு, அது இந்த வருஷம் காய்க்க வேண்டாம், வலுக்கட்டும். ஆசைப்பட்டு எல்லாத்துலயும் 4, 5 விட்டா பந்தல் இருட்டாகிரும். இருட்டுப் பந்தல்ல சாம்பல் நோயும் வரும், கொத்துல பாதி கறுப்பு பாதி பச்சையா நிக்கும்.

வெட்டின முனையில தண்ணி சொட்டும், பயப்படாத, வேர் தண்ணி ஏத்துது. தண்டுல தொங்குற பழைய பட்டையை உரிச்சு எடுத்துரு, மாவுப்பூச்சி அதுக்கடியிலதான் இருக்கும். அப்புறம் போர்டோ பசை: துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணி மொத்தம் 1 லிட்டர். தண்டுக்கும் தடிச்ச வெட்டு வாய்க்கும் பிரஷ்ல பூசு. எறும்பு ஏறினா மாவுப்பூச்சி திரும்ப வந்திரும், அதனால தண்டுல எறும்பு போற வழியைக் கவனி.

காலை 8:11 – நர்சரி தம்பி:
மாமா சொன்ன பாதி கறுப்பு பாதி பச்சைக்கு இன்னொரு காரணம் பொட்டாஷ் உரம் குறைவு. பன்னீருக்கு அது அதிகமாவே வேணும். பாதியைக் கவாத்து முடிஞ்சதும், மீதிப் பாதியை 60 நாள் கழிச்சும் வைக்கணும். அதோட பிஞ்சு பிடிச்ச 20-ஆம் நாளும் 40-ஆம் நாளும் பொட்டாசியம் குளோரைடு லிட்டருக்கு 2 கிராம் கரைச்சுக் கொத்து நனைய அடிங்க. சிவப்புப் பொட்டாஷா இருந்தா கரையாத மண்ணு நிக்கும், துணியில வடிகட்டிக்கங்க.

பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் நெருக்கமான கொத்துல அஞ்சுல ஒரு பங்கு பிஞ்சைக் கத்திரியால எடுத்திரணும். மனசு வராது, ஆனா எடுக்காட்டி உள்பக்கம் நசுங்கி, ஒண்ணு வெடிச்சா அந்தக் கொத்தே அழுகும். ஏப்ரல், மே கோடை மழை நமக்கு அந்த நேரம்தான் வரும்.

காலை 8:14 – மாடிவீட்டு அண்ணன்:
புதுசா நட ஆசை. வெட்டுற குச்சியே போதுமா?

காலை 8:26 – நர்சரி தம்பி:
போதும்ணே. 4 கண்ணு உள்ள முத்தின குச்சி. அடிப்பக்கம் கண்ணுக்கு ஒட்டி நேரா வெட்டு, மேல் முனை சாய்வா வெட்டு, அப்பதான் தலைகீழா நட மாட்டீங்க. 2 கண்ணு மண்ணுக்குள்ள. வேர் பிடிச்சதை ஜூன், ஜூலையில குழிக்கு மாத்தலாம். குழி 2 அடி ஆழம், 2 அடி அகலம், செடிக்குச் செடி 2 மீட்டர், வரிசைக்கு வரிசை 3 மீட்டர்.

ஆனா அண்ணே, குழி தோண்டுறதுக்கு முன்னாடி மண்ணைப் பரிசோதிச்சிருங்க. காபித் தோட்ட மண்ணு புளிச்ச மண்ணு. திராட்சைக்குக் கார அமில நிலை 6.5-லிருந்து 7 வேணும். சுண்ணாம்பு இல்ல டோலமைட் எவ்வளவுன்னு பரிசோதனைச் சீட்டுல வரும், அதை ரெண்டு மாசம் முன்னாடியே மண்ணுல கலந்திரணும். தொழு எருவோட ஒரே நாள்ல கலந்தா எருவுல உள்ள தழைச்சத்து காத்துல போயிரும். சில்வர் ஓக் நிழல்ல நட வேணவே வேண்டாம். கிழக்கும் தெற்கும் திறந்த இடமா பாருங்க.

காலை 10:20 – ஜாம் சித்தி:
இப்பதான் பார்த்தேன். கொடி பத்தி எல்லாம் ஆச்சு, அடுப்படிக்கு வாங்க. சின்னமனூர்லேர்ந்து ரெண்டு பெட்டி பழம் எங்க வீட்டுக்கு இறங்கியிருக்கு, யாருக்கு வேணும்?

காலை 10:22 – கீழத்தெரு மதினி:
சித்தி எனக்கு 3 கிலோ. போன தடவை ஜூஸ் நிறம் நல்லா வந்துச்சு, வாசனைதான் இல்ல. நாக்கு வேற துவர்ந்துச்சு.

காலை 10:35 – ஜாம் சித்தி:
கொதிக்க விட்டிருப்ப, மிக்ஸியில கொட்டையோட அரைச்சும் இருப்ப. பன்னீரோட வாசனை தோல்லதான் இருக்கு, கொதிச்சா ஆவியோட போயிரும். துவர்ப்பு உடைஞ்ச கொட்டையிலேர்ந்து வருது.

1 கிலோ பழம் உதிர்த்து, 100 மில்லி தண்ணி, மத்தால மசிச்சுக்க, கொட்டை உடையக் கூடாது. சின்னத் தீ. விரல் வச்சா சட்டுன்னு எடுக்கிற சூடு, குமிழி வரக் கூடாது. அந்தச் சூட்டுல 10 நிமிஷம் கிண்டிட்டு இறக்கி, மூடி போட்டு ஆற விடு. தோல்ல உள்ள நிறம் அப்பதான் இறங்கும். அப்புறம் துணியில வடி, முறுக்கிப் பிழியாத. 600 மில்லிக்குக் கொஞ்சம் மேல கிடைக்கும்.

காலை 10:37 – ஜாம் சித்தி:
ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வச்சா அடியில கண்ணாடித் தூள் மாதிரி படியும். கெட்டுப்போகல, சர்க்கரையும் இல்ல. திராட்சையில இயற்கையாவே உள்ள டார்டாரிக் அமிலத்தோட உப்பு, குளிர்ல படியுது. மேல தெளிஞ்சதை மட்டும் ஊத்திக்க.

காலை 10:41 – மாடிவீட்டு அண்ணன்:
ஸ்குவாஷுக்கு அளவு சொல்லுங்க சித்தி.

காலை 10:55 – ஜாம் சித்தி:
ஜூஸ் 1 லிட்டர், சர்க்கரை 1 கிலோ, தண்ணி அரை லிட்டர், சிட்ரிக் அமிலம் 10 கிராம். சர்க்கரையும் தண்ணியும் அமிலமும் கொதிக்க வச்சு வடிகட்டி, முழுசா ஆறின பிறகுதான் ஜூஸைச் சேர்க்கணும். ஃப்ரிட்ஜ்லயே வச்சு மூணு வாரத்துல முடிக்கிறதா இருந்தா வேற ஒண்ணும் வேண்டாம். வெளிய வைக்கணும்னா இந்த அளவு முழுசுக்கும் சோடியம் பென்சோயேட் 1.5 கிராம், தராசுல நிறுத்துத்தான் போடணும், கண்ணளவு ஆகாது. எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் போடுற பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டை இதுல போட்டா ஊதா நிறம் வெளுத்துரும்.

பாட்டில் மூடி உப்புனா, திறக்கும்போது புஸ்ஸுன்னு வந்தா நொதிச்சுப்போச்சு, கொட்டிரு. ஈரப் பாட்டில், கழுவாத புனல், ரெண்டுல ஒண்ணுதான் காரணமா இருக்கும்.

காலை 11:02 – ஜாம் சித்தி:
வடிகட்டின சக்கையைத் தூக்கிப் போடாதீங்க. கண் வடிகட்டியில தேய்ச்சா கொட்டை மேல நிக்கும், கூழ் கீழ இறங்கும். கூழ் 1 கிலோவுக்கு சர்க்கரை முக்கால் கிலோ, 2 எலுமிச்சைச் சாறு. நல்லாப் பழுத்த பழத்துல புளிப்பும் பெக்டினும் கம்மி, எலுமிச்சை விடாட்டி ஜாம் இறுகாது, பாகா ஓடும். குளிர்ந்த தட்டுல ஒரு சொட்டு விட்டு விரலால தள்ளினா சுருங்கணும்.

காலை 11:15 – மேலத்தெரு மாமி:
இந்த ஜூஸ் தினம் ரெண்டு டம்ளர் குடிச்சா இதய அடைப்பு போயிரும்னு ஒரு வீடியோ வந்துச்சே. அனுப்பவா?

காலை 11:29 – டயட் தங்கச்சி:
வேண்டாம் மாமி, அனுப்பாதீங்க. வந்த அடைப்பை எந்தப் பழச்சாறும் எடுக்காது. அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திட்டா உயிருக்கே ஆபத்து.

பன்னீர் திராட்சையில நல்லது இருக்கு, இல்லைன்னு சொல்லல. கருநீலத் தோல்ல ஆந்தோசயனின், கொட்டையிலயும் தோல்லயும் பாலிஃபீனால்கள். ரெஸ்வெரட்ரால்னு பெருசாப் பேசுறது இதுல ரொம்பக் கொஞ்சம்தான். 100 கிராம் திராட்சையில சுமார் 70 கலோரி, 16 கிராம் சர்க்கரை, 190 மில்லிகிராம் பொட்டாசியம். வைட்டமின் சி-க்கு இதை நம்ப வேண்டாம், நெல்லிக்காய் சாப்பிடுங்க. 200 மில்லி ஜூஸ்ல சர்க்கரை சேர்க்காமலே 30 கிராம் கிட்ட இருக்கும், நார்ச்சத்து வடிகட்டியிலேயே நின்னுரும்.

காலை 11:31 – மேலத்தெரு மாமி:
அப்ப சுகர் உள்ளவங்க?

காலை 11:38 – டயட் தங்கச்சி:
ஜூஸ் வேண்டாம். பழமா ஒரு கை, 12, 15 எண்ணம், தோலோட மென்னு, சாப்பாட்டு மேல இல்லாம இடையில. கொட்டையை மென்னாலும் தப்பில்ல. சிறுநீரகக் கோளாறுன்னு பொட்டாசியம் குறைக்கச் சொன்னவங்க டாக்டரைக் கேட்காம தொட வேண்டாம்.

5 வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்களுக்கு முழுப் பழம் கொடுக்காதீங்க, மூச்சுக்குழல்ல அடைக்கும். நீளவாக்கில நாலா வெட்டி, கொட்டை எடுத்துக் கொடுங்க. வீட்டுல நாய் இருந்தா ஒரு பழம்கூட, உலர்ந்த திராட்சைகூடப் போடக் கூடாது, அதுங்களுக்கு சிறுநீரகம் செயலிழக்கும்.

காலை 11:44 – கீழத்தெரு மதினி:
பழத்து மேல வெள்ளையா படிஞ்சிருக்கே, அது மருந்துதானே?

காலை 11:49 – நர்சரி தம்பி:
எல்லாப் பக்கமும் ஒரே சீரா மெல்லிசா இருந்தா அது பழத்தோட சொந்த மெழுகு. அது அழியாம இருந்தா பழம் அதிகம் கை படல, புதுசுன்னு அர்த்தம். நீலம் கலந்த சொட்டுச் சொட்டா, கொத்தோட காம்புப் பக்கம் காய்ஞ்சு நின்னா அது தாமிர மருந்து. எதுவா இருந்தாலும் லிட்டருக்கு 10 கிராம் ஆப்ப சோடா கரைச்சு 15 நிமிஷம் ஊற வச்சு, ஓடுற தண்ணியில அலசுங்க. சாப்பிடுறதுக்கு முன்னாடிதான் கழுவணும், கழுவி வச்சா பூசணம் பிடிக்கும்.

பகல் 12:10 – மாடிவீட்டு அண்ணன்:
நம்ம பழம் மிஞ்சினா "கம்பம் பன்னீர் திராட்சை"ன்னு எழுதி கொடைக்கானல்ல வச்சா விலை போகுமே?

பகல் 12:16 – பந்தல் மாமா:
அது முடியாது. 2023-ல புவிசார் குறியீடு கொடுத்தாச்சு, அந்தப் பேரு அந்தப் பள்ளத்தாக்குல விளைஞ்சதுக்கு மட்டும்தான். ரகம் ஒண்ணுதான், மஸ்கட் ஹாம்பர்க். கறுப்பு ஹாம்பர்க்கும் அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டும் சேர்ந்து வந்தது. "பன்னீர் திராட்சை, தாண்டிக்குடி"ன்னு நம்ம ஊர்ப் பேரைப் போட்டு வில்லு. ஜாம், ஸ்குவாஷ் விக்கிறதா இருந்தா உணவுப் பாதுகாப்புப் பதிவு முதல்ல எடுத்துக்க.

அப்புறம் ஒண்ணு. திராட்சை பறிச்ச பிறகு பழுக்காது. கொத்தோட அடி நுனியில உள்ள பழம்தான் கடைசியா இனிக்கும், அதைத் தின்னு பாரு. அது இனிச்சாதான் கத்திரி வைக்கணும். பறிக்கிறதுக்கு 10 நாள் முன்னாடி தண்ணி நிறுத்து. கொண்டைக்குருவிக்கு அந்த நேரம் வலை போடாட்டி கொத்துக்குக் காம்புதான் மிஞ்சும்.

பகல் 12:20 – கீழத்தெரு மதினி:
சரி மாமா. மழை நிக்கிற வரைக்கும் வெட்டல. நாளைக்கு வெயில் அடிச்சா போர்டோ அடிச்சிர்றேன். தம்பி, கல் சுண்ணாம்பு உங்ககிட்ட இருக்கா?

பகல் 12:23 – நர்சரி தம்பி:
இருக்குக்கா, 2 கிலோ எடுத்து வைக்கிறேன். துத்தத்தை இன்னைக்கு ராத்திரியே ஊறப் போட்டுருங்க.

பகல் 12:24 – ஜாம் சித்தி:
வரும்போது அப்படியே உன் 3 கிலோவையும் எடுத்துக்க, கழுவாம இருக்கு.