பொது செல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள், படித்தவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் உயிரியல் படிக்கப் போகும் பிள்ளைகள் இப்போது கூடிக்கொண்டே இருக்கிறார்கள். இறுதியாண்டு ஆய்வு என்று வந்ததும், பொது செல் ஆய்வுக்கூடத்தில் நேரம் பதியச் சொல்லி அனுப்புகிறார்கள். அங்கே என்ன நடக்கும் என்று வீட்டில் கேட்க ஆளில்லை. உள்ளே இருந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஆய்வுக்கூட உதவியாளர், சுங்கை சிப்புட்

ஒரு பல்கலைக்கழகத்தின் பொது செல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள்.

ஏன் பொதுக்கூடம்? லேசரால் செல்லை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் கொன்ஃபோக்கல் மைக்கிராஸ்கோப்பையும், செல்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரையும் ஒரு விரிவுரையாளர் தன் ஆய்வு நிதியில் வாங்குவது நடக்காத காரியம். அப்படியே வாங்கினாலும் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே இடம். பயிற்சி எடுத்து, நேரம் பதிந்து வர வேண்டும். அந்தப் பதிவுத் தாளைப் பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷம்தான். பேராசிரியர் பெயருக்குக் கீழேயே லிந்தாங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையின் பெயரும் இருக்கும். பத்து மணி அவளுடையது என்றால் அவளுடையதுதான்.

செல்களுக்குப் பொது விடுமுறை கிடையாது. 37 டிகிரிச் சூடும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் இருக்கும் இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள் அவை பெருகிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மீடியம், அதாவது செல்களுக்கு உணவான திரவம், மாற்றியாக வேண்டும். மீடியத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்திருக்கும். நல்ல நிலையில் சிவப்பு. கழிவு சேர்ந்து புளித்தால் மஞ்சள். கார்பன் டை ஆக்சைடு உருளை தீர்ந்துபோனால் ஊதா கலந்த சிவப்பு. நிறத்தைப் பார்த்தே என்ன குறை என்று சொல்லிவிடலாம். தீபாவளி அன்று எங்கள் செல்களுக்கு மலாய்த் தோழி மீடியம் மாற்றுவாள். நோன்புப் பெருநாளுக்கு அவளுடையதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். சீனப் புத்தாண்டுக்கும் அதே ஏற்பாடுதான். யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. யார் செல் எந்தத் தட்டில் இருக்கிறது, எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். பொதுக்கூடம் என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு மாலை, பெரிய இடி. கரண்டு போனதும் மாணவர்கள் பதறி ஓடிவந்து, ஆளுக்கொரு கதவைத் திறக்கப் போனார்கள். செய்யவே கூடாதது அது. இன்குபேட்டரை மூடியே வைத்தால் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். நிறைந்திருக்கும் மைனஸ் 80 குளிர்பெட்டியும், திறக்காத வரைக்கும் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். திரவ நைட்ரஜன் தொட்டிக்கோ கரண்டே வேண்டாம். மைனஸ் 196 டிகிரியில் அதுபாட்டுக்கு இருக்கும், அளவு குறையாமல் ஊற்றி வந்தால் போதும். எல்லாரையும் வெளியே உட்காரவைத்தேன். மாற்று மின்சாரம் தரும் ஜென்செட் எடுத்துக்கொண்டது. அன்று எதுவும் சாகவில்லை.

மனம் நொந்தது வேறொரு நாள். எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸில் யாரோ வேலை பார்த்துவிட்டு, துடைக்காமல், எண்ணெய் படக்கூடாத 40 மடங்கு லென்ஸைத் திருப்பியிருக்கிறார்கள். மறுநாள் வந்த பெண்ணுக்கு எல்லாமே மங்கல். அவள் தன் கண்ணாடிச் சில்லு சரியில்லை, சாயம் சரியில்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். ஓரத்தில் காய்ந்துபோன எண்ணெய்ப் படலம், நடுவில் விரல்ரேகை. யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்று எழுதும் லாக் புக்கில் முந்தைய வரி காலி. எண்ணெய் பட்டதற்கு நான் கோபப்பட மாட்டேன், யாருக்கும் நடக்கும். உடனே வந்து சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. எழுதாமல் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். கட்டுரை வெளிவரும்போது நன்றியுரையில் கூடத்தின் பெயரையும் அங்கே உதவியவரின் பெயரையும் போடுங்கள். அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது அதைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

முதுகலை மாணவர், தோட்டத்துப் பையன்

அண்ணன் சொன்ன அந்த லாக் புக் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

எங்கள் கூடத்தைச் சுத்தம் செய்யும் அக்கா ஒரு நாள் மைக்கிராஸ்கோப் பக்கம் நின்று, "இது யாரோடது தம்பி?" என்று கேட்டார். ஹீலா செல்கள். உட்காரவைத்துக் காட்டினேன். தட்டின் அடியோடு ஒட்டிக் கிடந்த செல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் உருண்டு எழும்பி, இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற அம்மாவின் புற்றுக்கட்டியிலிருந்து 1951இல் எடுத்தது, அந்த வருடமே அவர் இறந்துவிட்டார், செல் மட்டும் இன்றுவரை வளர்கிறது என்றேன்.

"அவங்கள கேட்டு எடுத்தாங்களா?"

இல்லை என்றேன். குடும்பத்துக்கே பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது, 2023இல்தான் ஒரு பெரிய நிறுவனத்தோடு வழக்கு சமரசமாக முடிந்தது என்றும் சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஐந்து. கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பியிருக்காது. அக்கா ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் வகுப்பில் இந்தச் செல்லைப் பற்றி எவ்வளவோ படித்தோம். அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்றவர், ஈப்போ சாலை

செல் வளர்ப்பு நமக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்கு: 1998 கடைசியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொல்லிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு, பண்ணையில் கைவைத்து வேலை செய்த பெரியவர்களே விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும், அதனால் இது கணக்குக்கு ஒத்துவரவில்லை. நோய் நெகிரி செம்பிலான் வரை போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வெரோ செல்களில் இட்டு வளர்த்தார். செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய பெரிய திட்டுகளாக உருகியதைப் பார்த்துத்தான் இது வேறு கிருமி என்று பிடிபட்டது. அதுதான் நிப்பா. நம் நாட்டில் 265 பேருக்கு வந்து 105 பேர் போய்விட்டார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளை அழித்தார்கள். செல்களைப் பக்குவமாக வளர்த்து வைத்திருக்கும் கூடம் ஒன்று உள்நாட்டிலேயே இருந்தது. இல்லாமல் போயிருந்தால் இன்னும் எத்தனை நாள் கொசுவின் பின்னாலேயே ஓடியிருப்போமோ.

இரண்டாம் ஆண்டு மாணவி

அண்ணே, அடுத்த மாதம் எனக்கு முதல் பயிற்சி. பயமாக இருக்கிறது. என்ன கொண்டு போக வேண்டும்?

ஆய்வுக்கூட உதவியாளர், சுங்கை சிப்புட்

பயப்படாதே தங்கச்சி. மூடிய காலணி, முழுக் காற்சட்டை, கட்டிய தலைமுடி. சிலிப்பரோடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள். நகம் நீளமாக இருந்தால் கையுறை கிழியும், வெட்டிக்கொள். கிருமி புகாமல் காற்றை வடிகட்டும் ஹூட்டுக்குள் கைவிடும் முன் 70 சதவீத எத்தனாலால் கையுறையைத் துடை. திறந்த பாட்டிலுக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாதே. முன்பக்கக் காற்றுத் துவாரத்தை நோட்டுப் புத்தகத்தால் மறைக்காதே. நைட்ரஜன் எடுக்கத் தனியாகப் போகாதே. மூடிய அறையில் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும். புரியாததை அங்கேயே கேள், தமிழில் கேட்டாலும் சரி. அப்புறம், பசியாறிவிட்டுப் போ. பயிற்சி மதியம் தாண்டியும் இழுக்கும்.