‘பிரிவிலேஜ் எஸ்கலேஷன்’: உரிமையேற்றமா, உரிமைத்தாவலா?

திருவாரூரிலிருந்து, பாலிடெக்னிக் ஆசிரியை:

கலைச்சொல் மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இயங்குதளப் பாதுகாப்புச் செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஐந்தாம் பாடம், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 2022 மார்ச்சில் வெளிவந்த ‘டர்ட்டி பைப்’ குறையைப் பற்றியது. அதில் ‘பிரிவிலேஜ் எஸ்கலேஷன்’ என்ற தொடர், அதாவது பயனர் ஒருவர் தமக்குத் தரப்படாத உரிமையைக் குறை ஒன்றின் வழியே அடைவது, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதல் வரைவில் ‘சிறப்புரிமை அதிகரிப்பு’ என்று எழுதி வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி, “யாரு அதிகரிச்சுக் கொடுத்தாங்க, மேடம்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சொல்தான் எனக்கு வேண்டும்.

குறையின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். வட்டிலிருந்து படித்த கோப்பின் பக்கங்களைக் கெர்னல் நினைவகத்தில் தேக்கி வைத்திருக்கும். ஒரு கோப்பைக் குழாய்க்குள் (ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு போகும் ‘பைப்’) ‘ஸ்ப்ளைஸ்’ செய்யும்போது, கெர்னல் தரவை நகலெடுக்காமல், தேங்கியிருக்கும் அந்தப் பக்கத்தையே குழாயோடு இணைத்துவிடுகிறது. அப்போது குழாயின் அந்தக் கண்ணியிலுள்ள கொடியை (எதற்கு அனுமதி என்று காட்டும் ‘ஃப்ளாக்’ குறி) புதிதாகத் துடைத்து வைத்திருக்க வேண்டும். 2020இல் வந்த 5.8 பதிப்பு முதல் அது நடக்கவில்லை. ‘இதனுடன் சேர்த்து எழுதலாம்’ என்ற பழைய கொடி அப்படியே நின்றதால், அடுத்து குழாயில் எழுதுவது, படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பின் பக்கத்தில் போய் விழுந்தது. கடவுச்சொல் கோப்பில் ரூட்டின் (எல்லா உரிமையும் உள்ள முதன்மைப் பயனர்) வரியை இப்படி மாற்றினால், சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடலாம். கண்டுபிடித்த மாக்ஸ் கெல்லர்மன் இதைத் தேடிப் போகவில்லை. சுருக்கி வைத்த பதிவுக் கோப்புகள் அவ்வப்போது பழுதாவதாக வந்த முறையீட்டைத் துருவிக்கொண்டே போனபோது கெர்னலில் வந்து முட்டினார்.

மன்னார்குடியிலிருந்து, பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர்:

அம்மையாருக்கு வணக்கம். மாணவியின் கேள்வி இலக்கணக் கேள்வி. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ‘உயர்வு’ தன்வினை, ‘உயர்த்தல்’ பிறவினை. ‘அதிகரிப்பு’ இரண்டு பக்கமும் நிற்பதால் வினைமுதல் யாரென்று தெரியாமல் போகிறது.

முதலில் விலக்க வேண்டியவற்றை விலக்கிவிடுவோம். ‘உரிமை மீறல்’ சட்டமன்றத்துக்குச் சொந்தமான தொடர். அவையின் உரிமையைப் பிறர் மீறுவது அது. ‘மனித உரிமை மீறல்’ வேறு இருப்பதால் குழப்பம் இரட்டிக்கும். ‘அதிகார மீறல்’ என்பது அதிகாரம் உள்ளவர் தம் எல்லையைக் கடப்பது. இங்கே கடப்பவருக்கு அதிகாரமே இல்லை. ‘சலுகை’ என்பது இரங்கிக் கொடுப்பது. ‘அதிகாரம்’ வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. “வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ” என்று தொல்காப்பியமே வழி விட்டிருக்கிறது. ஆனால் ஒரு கோப்பைப் படிப்பதும் எழுதுவதும் இயங்குதளம் பயனருக்கு உரியதாக்குவது; ஆகவே ‘உரிமை’தான் பொருந்தும்.

என் பரிந்துரை ‘உரிமையேற்றம்’. ஐகாரத்தின் முன் உயிர் வர யகரம் உடம்படுமெய்யாகும் என்பது நன்னூல் விதி; எனவே பிரித்து எழுதாமல் சேர்த்தே எழுதுக. ஏணி, ஏந்தல், ஏறு ஆகியவை மேல்நோக்குதலைக் குறிக்கும் ஒரே அடியில் கிளைத்தவை என்பது என் நெடுநாளைய கருத்து. நம் பகுதியில் கிணற்றிலிருந்து நீர் இறைத்த ஏற்றத்தையும் எண்ணிப் பாருங்கள். கீழே கிடந்த நீர் தானாக மேலே வரவில்லை. ஏற்றத்தின் மேல் ஒருவர் நடந்தார், கீழே ஒருவர் நீர் மொள்ளும் சால் என்ற வாளியைப் பிடித்துக் கவிழ்த்தார். கொடியேற்றம் என்றாலும் கொடி தானாக ஏறுவதில்லை. ‘விலையேற்றம்’ நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் புரியும்.

கும்பகோணத்திலிருந்து, கணினி நிர்வாகி:

ஐயாவுக்கு வணக்கம். ‘மீறல்’ வேண்டாம் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். வேறொரு மடலில் அன்பர் ஒருவர் முன்வைத்த ‘உரிமைக் கவர்வு’ம் பொருந்தாது. கவர்ந்தால் உடையவர் இழக்க வேண்டும். இங்கே ரூட் எதையும் இழப்பதில்லை. பயனர் எண் 0 உடையவர் ஒருவருக்கு இருவராகிறார், அவ்வளவுதான்.

ஆனாலும் ‘ஏற்றம்’ எனக்கு இடிக்கிறது. இந்தத் தாக்குதலில் மேல்நோக்கிய வகை ஒன்று, பக்கவாட்டு வகை மற்றொன்று. மதிப்பெண் பார்க்கும் தளத்தில் முகவரியிலுள்ள தன் பதிவெண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றி, அடுத்த மாணவரின் மதிப்பெண்ணை ஒருவர் பார்த்துவிடுகிறார் என்று வையுங்கள். அவர் எங்கும் ஏறவில்லை. வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் இறங்கியிருக்கிறார். ‘கிடைமட்ட உரிமையேற்றம்’ என்று எழுதினால் சொல்லே தன்னோடு சண்டையிடும். ‘உரிமைத்தாவல்’ இரண்டுக்கும் பொருந்தும். ‘கட்சித்தாவல் தடைச் சட்டம்’ 1985இலிருந்து நம் காதில் விழும் சொல்.

மன்னார்குடி:

கட்சி தாவுபவர் பழைய கட்சியை விட்டுவிடுகிறார். இங்கே தாக்குபவர் பழைய உரிமையை விட்டா போகிறார்? சொல் உண்மைக்கு மாறாக நிற்கிறது.

கும்பகோணம்:

விட்டுத்தான் போகிறார், ஐயா. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலின், அதாவது செயலாக்கத்தின் மீதும் ஒரு பயனர் எண் ஒட்டியிருக்கிறது. 1000 என்றிருந்த எண் 0 ஆகும்போது 1000 போய்விடுகிறது.

மயிலாடுதுறையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

கெர்னலைக் ‘கருநிரல்’ ஆக்க வேண்டும் என்று முன்பு வாதாடியவள் நான். கரிய நிரல் என்று பொருள் மயங்கும் என்பதால் அதை இப்போது வற்புறுத்தவில்லை. என் கவலை வேறு. ‘மிட்டிகேஷன்’ என்பதற்கு வரைவில் ‘தீர்வு’ என்று வந்திருக்கிறது. இது சொற்சுவை பற்றிய வேறுபாடு இல்லை. மாணவரைத் தவறான இடத்தில் நிம்மதியடையச் செய்துவிடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, மணல் மூட்டைகளையும் பாறாங்கற்களையும் போட்டு நீரை மறித்தார்கள். அது தணிப்பு. பின்னர் கட்டிய புதிய கதவணைதான் தீர்வு. கெர்னலிலும் அப்படியே: சாதாரணப் பயனர்கள் தனிப் பெயர்வெளி (‘நேம்ஸ்பேஸ்’, தமக்கென ஒதுங்கிய சூழல்) உருவாக்குவதைத் தடுத்து வைத்தால் கெர்னல் குறைகள் பலவற்றுக்கு வழி அடைபடும்; அது மணல் மூட்டை. டர்ட்டி பைப்புக்கு அந்த மூட்டையும் உதவாது, ஏனெனில் அதற்குப் படிக்கும் உரிமையும் ஒரு குழாயும் போதும். 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய திருத்தப் பதிப்புகளுக்கோ, அவற்றுக்குப் பிந்தையவற்றுக்கோ, லினக்ஸைத் தொகுத்துத் தரும் விநியோகத்தார் அதே திருத்தத்தைச் சேர்த்துத் தரும் கெர்னலுக்கோ மாறுவதே வழி. ஆகவே ‘தணிப்பு’ என்றும் ‘திருத்தம்’ என்றும் தனித்தனியே எழுதுங்கள்.

கலைச்சொல்லைப் பொறுத்தவரை, ஏற்றத்துக்கு என் வாக்கு. புரிவதுதான் முதல் இலக்கணம்.

கும்பகோணம்:

திருத்தம் பற்றி ஒரு பத்தி சேர்க்க வேண்டுகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில் புதிய கெர்னல் நிறுவப்பட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. பட்டியலில் பச்சைக்குறியும் போட்டிருந்தார்கள். ஒருநாள், ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் ‘யூநேம்’ கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது பழைய பதிப்பு. நிறுத்தினால் மீண்டும் மேலே வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் யாரும் வழங்கியை (சர்வர்) மறுதொடக்கம் செய்யவே இல்லை. வட்டில் கிடக்கும் கெர்னல் யாரையும் காக்காது. ஓடுகிற கெர்னல்தான் காக்கும். இயங்கும்போதே ஒட்டுப்போடும் வசதி இல்லாத இடத்தில் மறுதொடக்கம் கட்டாயம்.

திருவாரூர் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. இதுவரை குழுவுக்கு வந்த எல்லா மடல்களிலும் ஏற்றத்துக்கு ஐந்து பேர், தாவலுக்கு இருவர். ஐந்தாம் பாடத்தில் கெர்னல் குறை மட்டுமே வருவதால் ‘உரிமையேற்றம்’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். “கெர்னல் தன் பிழையால் தானே ஏற்றிவிடுகிறது, பயனர் அதற்கு வழி செய்கிறார்” என்ற வரியைச் சேர்த்து மாணவியிடம் காட்டினேன். “அப்ப கொடுத்தது கெர்னல்தான்” என்றாள். தணிப்பும் திருத்தமும் பிரித்தாகிவிட்டன. ‘யூநேம்’ பத்தி செய்முறையின் முதல் படியாகவே வருகிறது. வலைத்தளப் பாதுகாப்புப் பாடம் அடுத்த பருவத்துக்கு. பக்கவாட்டு வகைக்குச் சொல் இன்னும் இல்லை.

கும்பகோணம்:

என் மறுப்பைப் பதிவில் வையுங்கள், அம்மா. அடுத்த பருவத்தில் அந்தப் பாடத்தைத் திறக்கும்போது ‘கிடைமட்ட ஏற்றம்’ என்று எழுத நேர்ந்தால், அதற்கு முன் எனக்கு ஒரு மடல் அனுப்புங்கள். உங்கள் ஆய்வகக் கணினிகளில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.